பயனரை மையமாக வைத்து ஒரு செயலி: எந்தக் கட்டம் எப்போது முடிகிறது?

கேள்வி: தினமும் பல மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர்களுக்கு நேரத்துக்கு நினைவூட்டும் மொபைல் செயலி ஒன்றைச் செய்யப் போகிறோம். குழுவில் மூன்று பேர், கையில் நான்கு மாதம். பயனரை மையமாக வைத்து வேலை செய்வது என்றால் என்னென்ன கட்டங்கள்? ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும்?

பதில்:

கட்டங்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆய்வு, தேவைகளை வரையறுத்தல், வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, வெளியீடு, பராமரிப்பு. குழுக்கள் சறுக்கும் இடம், ஒரு கட்டம் முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆவணம் எழுதியாயிற்று, திரைகள் வரைந்தாயிற்று, அடுத்ததுக்குப் போகலாம் என்பது வழக்கமான கணக்கு. பயனரை மையமாக வைக்கிற முறையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் பயனரிடம் மட்டுமே விடை இருக்கிற ஒரு கேள்வி உண்டு. அந்த விடை கைக்கு வந்தால்தான் கட்டம் முடிந்தது.

இது புதிய கருத்தும் அல்ல. 1985-லேயே ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று விதிகளாக எழுதிவிட்டார்கள்: தொடக்கத்திலேயே பயனரையும் அவர் செய்யும் வேலையையும் கவனி, உண்மையான பயன்பாட்டை அளந்து பார், திருத்தித் திருத்தி வடிவமை. தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் அவர்கள் விசாரித்த வடிவமைப்பாளர்களில் மூன்றையும் சேர்த்துச் சொன்னவர்கள் சிலரே. பிறகு இது 1999-ல் ஐஎஸ்ஓ 13407 என்ற சர்வதேசத் தரமாக வந்தது; 2010-ல் ஐஎஸ்ஓ 9241-210 ஆனது; 2019-ல் திருத்தப்பட்டது. பயன்படுத்தும் சூழலைப் புரிந்துகொள்வது, தேவைகளை எழுதுவது, தீர்வை வடிவமைப்பது, அதை மதிப்பிடுவது என்று நான்கு வேலைகளை அந்தத் தரம் சொல்கிறது. மதிப்பீட்டில் இடறினால் மற்ற மூன்றில் எதற்கும் திரும்பிப் போகலாம். நேர்கோடாக வரைந்த படங்களில் இந்தத் திரும்பும் பாதைதான் காணாமல் போகிறது.

ஆய்வு: கேட்பதைவிடப் பார்ப்பது

உங்கள் செயலிக்குப் பயனர் ஒருவர் அல்ல. மாத்திரை விழுங்குபவர் ஒருவர். வாரத்துக்கு ஒருமுறை டப்பாவில் பிரித்துப் போட்டு வைப்பவர் வேறொருவராக இருக்கலாம். எங்கோ இருந்துகொண்டு "போட்டாச்சா?" என்று கேட்பவர் மூன்றாமவர். மூவருக்கும் வேண்டியது வேறு வேறு. ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு பேரைப் பிடியுங்கள். நண்பர்களும் கூட வேலை செய்பவர்களும் வேண்டாம். அவர்கள் உங்கள் மனம் நோகாமல் பேசுவார்கள். போனைக் கையாள்வதிலும் தேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

ஒரு சந்திப்பு 45 முதல் 60 நிமிடம். முடிந்தவரை மாத்திரை இருக்கும் இடத்திலேயே நடக்கட்டும். ஒருவர் பேச வேண்டும், இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் இரண்டும் அரைகுறையாகும். வரப்போவதைக் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள். "இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்றால் அநேகமாக எல்லாரும் ஆமாம் என்பார்கள். அந்த ஆமாமை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நேற்று ராத்திரி மாத்திரை போட்டதை முதலிலிருந்து சொல்லுங்கள்", "கடைசியாகத் தவறிப்போனது எப்போது, அன்றைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் ஒரு சம்பவம் வரும். விவரமெல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

பேச்சைவிடப் பொருள்கள் அதிகம் சொல்லும். பேனாவால் "கா", "இ" என்று எழுதிய மாத்திரை அட்டை, பாதியாக வெட்டிய மாத்திரை, தவறான கிழமையில் காலியாகக் கிடக்கும் டப்பா அறை, இவற்றையெல்லாம் அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே சந்திப்பில் போனையும் பாருங்கள்: மாடல், இயங்குதளத்தின் பதிப்பு, எழுத்தை எவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறார், ஸ்டோரேஜ் எவ்வளவு மிச்சம், பேட்டரி சேவர் எப்போதும் ஆனில் இருக்கிறதா, இரவில் போன் எங்கே இருக்கும். இந்தப் பட்டியல் பின்னால் டெஸ்டிங்குக்கு எந்தப் போன்களை வாங்குவது என்பதையும் முடிவு செய்யும்.

இந்தச் செயலியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, மறதி இரண்டு வகை என்பது. மாத்திரை போட மறப்பது ஒன்று. போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோவது இன்னொன்று. முதல் வகைக்கு அலாரம் உதவும். இரண்டாவதற்கு அலாரம் கெடுதலாகக்கூட முடியலாம். ஏற்கெனவே போட்டவர் சத்தம் கேட்டு இன்னொரு முறை போட்டுவிட வாய்ப்புண்டு. அவருக்கு வேண்டியது "இன்று காலை 8:10-க்குப் போட்டாயிற்று" என்று ஒரே பார்வையில் காட்டும் பதிவு. நீங்கள் சந்திப்பவர்களில் எந்த வகை அதிகமோ அதைப் பொறுத்து முகப்புத் திரையே மாறும். மேசையில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு அலாரம் மட்டும்தான் தோன்றும்.

பார்த்ததை அன்றன்றே சீட்டுகளில் எழுதுங்கள், ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம். எல்லாம் முடிந்ததும் ஒத்தவற்றைச் சேர்த்து வையுங்கள். இதிலிருந்து பர்சோனா, அதாவது ஒரு வகைப் பயனரைப் பற்றிய சுருக்கக் குறிப்பு, எழுதுவார்கள். சிரிக்கும் புகைப்படம், பொழுதுபோக்கு, பிடித்த நிறம் எல்லாம் அதில் வெறும் அலங்காரம். எந்த முடிவையும் மாற்றாத தகவல் அங்கே வேண்டாம். "எழுத்து 150 சதவீதம், தினம் 6 மாத்திரை, பிரித்து வைப்பது மகள், இரவில் போன் வேறு அறையில்" என்ற ஒரே வரி, இரண்டு பக்க அலங்காரத்தைவிட உபயோகமானது.

ஐந்தாவது, ஆறாவது சந்திப்பில் அடுத்து என்ன சொல்வார் என்று உங்களால் ஊகிக்க முடிகிறதா? முடிந்தால், அந்த வகைப் பயனருக்கு ஆய்வு போதும்.

தேவையை எழுதும்போதே தொழில்நுட்பத்தையும் தட்டிப் பாருங்கள்

"பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்" என்பது தேவை அல்ல, ஆசை. அது நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதுங்கள்: "செயலியை முதன்முறை திறப்பவர், யார் உதவியும் இல்லாமல், மூன்று மாத்திரைகளை 4 நிமிடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்; 10 பேரில் 9 பேருக்காவது இது முடிய வேண்டும்." யார், எந்த வேலை, எந்த நிலையில், எவ்வளவு நேரத்தில், எத்தனை பேருக்கு. இந்த ஐந்தும் இருந்தால் பின்னால் கடிகாரம் வைத்துச் சோதிக்கலாம்.

முன்னுரிமைக்கு, வேலைகளை நான்கு பெட்டிகளாகப் பிரிக்கும் மாஸ்கோ (MoSCoW) முறை போதும்: கட்டாயம், அவசியம், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை. இது 1994-ல் டாய் கிளெக் வகுத்தது. எல்லாவற்றையும் "கட்டாயம்" பெட்டியில் போட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் விபத்து. கட்டாய வேலைகள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 40 சதவீதம்தான் காலக்கெடு நெருங்கும்போது விட்டுக்கொடுக்கக் கிடைக்கும் இடம். நான்கில் மிகவும் மதிப்புள்ளது கடைசிப் பெட்டி. "மருந்துக்கடையில் ஆர்டர் செய்வது, ரத்த அழுத்தம் பதிவது, மருத்துவரோடு அரட்டை, இந்த முறை இல்லை" என்று எழுதி மூவரும் ஒப்புக்கொண்டால், மூன்றாவது மாதத்தில் வரும் விவாதங்களில் பாதி அடங்கிவிடும்.

பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். உங்கள் செயலியின் உயிரே சரியான நேரத்தில் அடிக்கும் மணி. அது அடிக்குமா என்பதை வடிவமைப்புக்கு முன்பே, திரையே இல்லாத ஒரு சின்னச் சோதனை நிரலால் பார்த்துவிட வேண்டும். ஐஓஎஸ் ஒரு செயலிக்கு வரிசையில் நிறுத்திவைக்க விடும் உள்ளூர் நோட்டிஃபிகேஷன்கள் 64 மட்டும். ஒரு நாளுக்கு நான்கு வேளை என்றால் 16 நாளில் 64 தீர்ந்துவிடும். அதற்குள் பயனர் செயலியைத் திறக்காவிட்டால் 17-ஆம் நாள் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் மணி நின்றுபோகும். தினமும் திரும்ப வருமாறு அமைத்தால் நான்கே இடம் போதும். ஆனால் "இன்றைக்கு ஏற்கெனவே போட்டாயிற்று, இந்த ஒரு மணி மட்டும் வேண்டாம்" என்று சொல்வது சிக்கலாகும். சர்வரிலிருந்து இணையம் வழியாக நினைவூட்டலை (புஷ்) அனுப்பினால் இணையம் இல்லாத இடத்தில் ஒலிக்காது. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழப்பீர்கள். எதை இழக்கலாம் என்பதை ஆய்வில் பார்த்தவர்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. 2015-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து, அசையாமல் கிடக்கும் போன் டோஸ் என்ற பேட்டரி சேமிப்பு நிலைக்குப் போய்ச் சாதாரண அலாரங்களைத் தள்ளிப்போடும். துல்லியமான அலாரத்துக்கு ஆண்ட்ராய்டு 12-ல் தனி அனுமதி வந்தது. 14-ல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. போனை அணைத்துப் போட்டால் வைத்திருந்த அலாரம் எல்லாம் அழிந்துவிடும். போன் எழுந்ததும் செயலி அவற்றை மறுபடி வைக்க வேண்டும். இதற்கு மேல் சில தயாரிப்பாளர்கள் தாங்களாகச் சேர்க்கும் பேட்டரி மேலாண்மை, பின்னணியில் இருக்கும் செயலியைக் கொன்றே விடும். இதையெல்லாம் மூன்றாவது மாதத்தில் கண்டுபிடித்தால் வரைந்த திரைகளில் பாதி வீண். அனுமதி கேட்கும் திரை, "பேட்டரி அமைப்பை மாற்றுங்கள்" என்று வழிகாட்டும் திரை, இவையும் வடிவமைப்பின் பகுதிதான்.

வடிவமைப்பு

முதலில் காகிதம். ஒரு திரைக்கு ஒரு தாள், பென்சில். அழகாக வரைந்ததைப் பார்த்தால் ஜனங்கள் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். கிறுக்கலைக் காட்டினால் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். ஓட்டம் சரியான பிறகு ஃபிக்மா போன்ற கருவியில் தொட்டால் நகரும் மாதிரிக்குப் போகலாம்.

மாதிரியில் போலிச் சொற்கள் வேண்டாம். நீளமான மருந்துப் பெயர்கள், "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்", "ஒருநாள் விட்டு ஒருநாள்", "அரை மாத்திரை" என்று ஆய்வில் கண்ட உண்மையான வாசகங்களைப் போடுங்கள். "மாத்திரை ஏ" என்று போட்ட திரை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஒவ்வொரு திரைக்கும் நிறைந்த நிலை மட்டும் வரையாமல், ஒன்றுமே பதிவாகாத நிலை, ஏற்றிக்கொண்டிருக்கும் நிலை, பிழை வந்த நிலை, 15 மாத்திரை நிரம்பி வழியும் நிலை என்று நான்கையும் சேர்த்து வரையுங்கள். வரையாமல் விட்டதை நிரல் எழுதுபவர் இரவு பதினொரு மணிக்குத் தானாக முடிவு செய்துகொள்வார்.

அளவுகளில் ஊகத்துக்கு இடமில்லை. தொடும் இடம் ஐஓஎஸ்ஸில் குறைந்தது 44 பாயிண்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல்தன்மை வழிகாட்டி கேட்கும் 24 பிக்சல் என்பது அடிமட்ட வரம்பு. நடுங்கும் விரலுக்கு அது போதாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிமாறுபாடு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. சிவப்பு, பச்சையை மட்டும் வைத்து "தவறியது, போட்டது" என்று காட்டாதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் இந்த வேறுபாட்டைச் சரியாகக் காண்பதில்லை. குறியும் சொல்லும் சேரட்டும். ஆண்ட்ராய்டு 14 எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க விடுகிறது. அந்த அளவில் "போட்டேன்" பட்டன் திரைக்குக் கீழே ஓடிவிடுகிறதா என்று ஒவ்வொரு திரையிலும் பாருங்கள்.

தமிழில் வெளியிடுவதானால் இன்னொரு கணக்கும் உண்டு. "மொழி" நம் கண்ணுக்கு இரண்டெழுத்து; கணினி எழுத்துகளை எண்ணும் யூனிகோடு முறையில் நான்கு குறியீடுகள்; அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 12 பைட். "20 எழுத்து வரை" என்று கணினியின் எண்ணிக்கையில் வரம்பு வைத்தால் பாதிப் பெயரிலேயே முடிந்துவிடும். நடுவில் வெட்டினால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் போகும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி உயரத்தில் கொக்கிகள் அறுபடுவதும் அடிக்கடி நடக்கும்.

அனுமதி கேட்கும் நேரமும் வடிவமைப்புதான். ஐஓஎஸ்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பெட்டி ஒரே முறைதான் வரும். மறுத்துவிட்டால் பயனரே அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து அங்கேயும் கேட்டாக வேண்டும். இரண்டு முறை மறுத்தால் பெட்டி வராது. செயலி திறந்த அடுத்த நொடியே கேட்டால், எதற்கென்று தெரியாமல் பலர் மறுத்துவிடுவார்கள். முதல் மாத்திரைக்கு நேரம் குறித்த உடனே, "8 மணிக்குக் கூப்பிடவா?" என்ற உங்கள் திரைக்கு அடுத்து அந்தப் பெட்டி வரட்டும்.

மாதிரியைச் சோதிப்பது

நான்கு மாதத்தில் போட்ட உழைப்புக்கு அதிகம் திருப்பித் தருவது இந்தப் பகுதிதான். ஐந்து பேர் போதும் என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 1993-ல் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டாயரும் கொடுத்த கணக்கு அது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வந்தால், ஐந்து பேர் சேர்ந்து ஏறத்தாழ 84 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள். ஆனால் இந்த 31 ஒரு சராசரி. பத்தில் ஒருவர் மட்டுமே தட்டுத்தடுமாறும் குறை என்றால், ஐந்து பேர் வைத்து அதைக் காணும் வாய்ப்பு 41 சதவீதம்தான். ஐந்து என்பது ஒரே வகைப் பயனருக்கான எண்ணும்கூட. மாத்திரை போடுபவர் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு, பிரித்து வைப்பவருக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 15 பேர் கிடைத்தால் ஒரே மூச்சில் பார்த்துவிடாதீர்கள். ஐந்து பேர், திருத்தம், அடுத்த ஐந்து பேர், திருத்தம் என்று மூன்று சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் பெரிய கல் ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் கற்கள் தெரியவே தெரியாது.

கொடுக்கும் வேலையில் பட்டனின் சொல் வரக் கூடாது. "மருந்து சேர் பட்டனை அழுத்துங்கள்" என்றால் அது கண்பரிசோதனை. "மருத்துவர் இந்தச் சீட்டைக் கொடுத்தார், செயலியில் ஏற்றுங்கள்" என்று சீட்டைக் கையில் கொடுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். அவர் தடுமாறும்போது உதவ மனம் துடிக்கும்; மனதுக்குள் பத்து எண்ணுங்கள். "இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டால், "என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தானாக முடித்தார், உதவியோடு முடித்தார், முடிக்கவில்லை என்ற மூன்றில் ஒன்றையும் நேரத்தையும் குறித்தால் போதும். "நன்றாக இருக்கிறது" என்ற பாராட்டைக் குறிக்கத் தேவையில்லை. தேவைப் பட்டியலில் எழுதிய 4 நிமிடம் இங்கேதான் பரீட்சைக்கு வருகிறது.

முடிவில் எண் ஒன்று வேண்டுமென்றால் பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்கும் எஸ்யூஎஸ் வினாத்தாள் இருக்கிறது. 1986-ல் ஜான் புரூக் உருவாக்கியது: பத்துக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஒற்றைப்படைக் கூற்றில் கொடுத்த எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5-லிருந்து கொடுத்த எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100-க்குள் வரும். சராசரி 68. இது சதவீதம் அல்ல; 68 வாங்கினால் நடுவில் நிற்கிறீர்கள். ஐந்து பேரின் எண் மிகவும் ஊசலாடும் என்பதால், குறை எங்கே என்று அறிய இதை நம்பாதீர்கள். அதற்கு நீங்கள் பார்த்த தடுமாற்றம்தான் சான்று.

நிரல் எழுதுதல்

முதலில் டேட்டாபேஸ் முழுவதும், பிறகு ஏபிஐ (செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி) முழுவதும், கடைசியில் திரைகள் என்று அடுக்கடுக்காகக் கட்டினால் மூன்று மாதம் பயனர் கையில் கொடுக்க ஒன்றும் இருக்காது. மேலிருந்து கீழ்வரை மெல்லிய துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டு: ஒரு மாத்திரை, ஒரு நேரம், ஒரு மணி, ஒரு "போட்டேன்" பட்டன். இரண்டு வாரத்தில் இது உண்மையான போனில் ஓட வேண்டும். அடுத்த துண்டில் பல வேளை, அதற்கடுத்ததில் பராமரிப்பவரின் போன். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் இரண்டு பயனர்களுக்குக் காட்டினால், ஆய்வு என்பது தொடக்கத்தோடு முடிந்துபோன சடங்காகாது.

வேகத்துக்குப் பழைய மூன்று எல்லைகள் இன்றும் செல்லும். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் கைபட்டதும் நடந்ததுபோல் இருக்கும். 1 நொடி வரை சிந்தனை அறுபடாது. 10 நொடிக்கு மேல் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். "போட்டேன்" என்று தொட்டதும் சர்வரின் பதிலுக்காகக் காத்திராமல் போனிலேயே பதிந்து காட்டிவிட்டு, பிறகு சர்வருக்கு அனுப்புங்கள்.

ஒரு பொறி இங்கே காத்திருக்கிறது. இணையம் தடுமாறும்போது செயலி அதே பதிவைத் திரும்ப அனுப்பும். சர்வரில் இரண்டு வேளையாகப் பதிவாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் உருவாக்கி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் அதைத் தள்ளிவிட வேண்டும். பராமரிப்பவரும் பயனரும் தத்தம் போனில் ஒரே வேளையைக் குறித்தால் "கடைசியாக வந்ததே செல்லும்" என்ற சுலபமான விதி ஒரு பதிவை விழுங்கிவிடும். இறுதி நிலையை மட்டும் வைக்காமல், யார் எப்போது என்ன குறித்தார் என்ற நிகழ்வுகளை வரிசையாகச் சேமியுங்கள். நேரத்திலும் ஒரு குழி உண்டு: "காலை 8 மணி" என்பதை யூடிசி என்ற உலகப் பொது நேரமாக மட்டும் மாற்றி வைத்தால், பயணம் போனவருக்கு நடுராத்திரியில் மணி அடிக்கும். உள்ளூர் நேரத்தையும் நேர மண்டலத்தையும் சேர்த்தே சேமியுங்கள். மண்டலம் மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் செயலி தானாகத் தீர்மானிக்காமல் பயனரிடம் கேட்கட்டும். சில மருந்துகளுக்கு இடைவெளிதான் முக்கியம், கடிகாரம் அல்ல.

முதல் வெளியீட்டிலேயே "இந்தப் பதிப்பு பழையது, புதுப்பியுங்கள்" என்று சொல்லும் வசதியை வைத்துவிடுங்கள். நீங்கள் வெளியிட்ட பதிப்பு வருடக்கணக்காக யாருடைய போனிலாவது உயிரோடு இருக்கும். அதைப் பின்னால் சேர்த்தால், அது இல்லாத பழைய பதிப்புகளுக்கு அந்தச் செய்தி போகவே போகாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் வாசிக்கும் பெயர்களையும் ஒவ்வொரு பட்டனுக்கும் அப்போதே எழுதுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அந்தக் கடைசி வருவதே இல்லை.

சோதனை

நேரக் கணக்கு நிரலுக்குத் தானியங்கிச் சோதனைகள் நிறைய வேண்டும். திரைகளுக்குக் கொஞ்சம் போதும். திரை மாறிக்கொண்டே இருக்கும், அதன் சோதனைகளும் உடைந்துகொண்டே இருக்கும். போன்கள் நான்கு அல்லது ஐந்து: நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பு ஒன்று, சின்னத் திரை ஒன்று, நினைவகம் குறைந்தது ஒன்று, பேட்டரி மேலாண்மை கடுமையான தயாரிப்பு ஒன்று, ஒரு ஐபோன். கைச்சோதனையில் இந்தச் சூழல்களை விடாதீர்கள்: போனை அணைத்துப் போட்டபின், நேர மண்டலம் மாற்றியபின், பேட்டரி சேவரில் இரவு முழுதும் அசையாமல் வைத்தபின், ஸ்டோரேஜ் நிரம்பியபின், அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது, பழைய பதிப்பின் தரவு மேலேயே புதிய பதிப்பை ஏற்றியபின். இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிட்டு, புதிதாக நிறுவி மட்டும் பார்ப்பவர்களே அதிகம். புதுப்பித்த அன்று பயனரின் மாத்திரைப் பட்டியலே காணாமல் போவது அப்படித்தான்.

நினைவூட்டும் செயலியை ஒருமணி நேரச் சந்திப்பில் சோதிக்க முடியாது. மணி முதல் நாள் உதவியாக இருக்கும். நாளாக ஆக எரிச்சலாகலாம், பார்க்காமலே தள்ளிவிடும் பழக்கம் வரலாம். அதனால் 12 முதல் 15 பேரிடம் இரண்டு வாரம் கொடுத்து, தினம் ஒருவரி எழுதச் சொல்லுங்கள். இது கூகுள் பிளே விதியோடும் பொருந்தும். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, வெளியிடுமுன் 12 பேர் தொடர்ந்து 14 நாள், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பயன்படுத்தும் மூடிய சோதனையில் இருந்தாக வேண்டும். கடைசி வாரத்தில் இதைத் தெரிந்துகொண்டால் வெளியீடு அப்படியே தள்ளிப்போகும். ஆப்பிளில் டெஸ்ட்ஃபிளைட் என்ற சோதனைச் சேவை வழியாக 10,000 வெளியாட்கள் வரை சேர்க்கலாம். ஒவ்வொரு பில்டும் 90 நாளில் காலாவதியாகும்.

வெளியீடும் அதற்குப் பிறகும்

ஸ்டோரில் வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது. நிறுத்தலாம்; ஏற்கெனவே இறக்கியவர் கையில் அது இருக்கும்; திருத்தம் என்றால் அதைவிட உயர்ந்த எண்ணுள்ள புதிய பதிப்புதான். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஆப்பிளின் படிப்படி வெளியீடு தானியங்கிப் புதுப்பிப்பை ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று விரிக்கும். பிளேயில் சதவீதத்தை நீங்களே வைக்கலாம். இரண்டிலும் இது புதுப்பிப்புகளுக்குத்தான், முதல் வெளியீட்டுக்கு மூடிய சோதனைதான் பாதுகாப்பு. பிளே கணக்கில் பயனர் உணரும் கிராஷ் விகிதம் 1.09 சதவீதத்தையும், உறைந்துபோகும் விகிதம் 0.47 சதவீதத்தையும் தாண்டினால் ஸ்டோரில் உங்கள் செயலி கண்ணில் படுவதே குறையலாம். கணக்குத் தொடங்க விடும் செயலி, உள்ளேயே கணக்கை அழிக்கவும் விட வேண்டும் என்பது 2022 ஜூன் 30 முதல் ஆப்பிளின் விதி. அந்தத் திரை இல்லாமல் அனுப்பித் திரும்பி வருவது சாதாரணமாக நடக்கிறது.

டவுன்லோடு எண்ணிக்கை மனதுக்கு இதம், வேறெதற்கும் உதவாது. நிறுவிய அன்றே முதல் மாத்திரையைப் பதிவு செய்தவர் எத்தனை பேர், நான்காவது வாரத்திலும் குறிப்பவர் எத்தனை பேர், மணி அடித்ததிலிருந்து "போட்டேன்" வரை எவ்வளவு நேரம், இந்த மூன்றும் போதும். வேகத்துக்குச் சராசரியைப் பார்க்காதீர்கள். மெதுவான 5 சதவீதத்தினர் படும் பாடு சராசரியில் ஒளிந்துகொள்ளும். எண்கள் எங்கே விட்டுப்போகிறார்கள் என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. அதற்கு, விட்டுப்போனவர்களில் மாதம் ஐந்தாறு பேரோடு பேசத்தான் வேண்டும். விமர்சனங்களில் பயனர்கள் பெரும்பாலும் தீர்வைத்தான் எழுதுவார்கள். "சத்தத்தை இன்னும் கூட்டுங்கள்" என்றால், போன் வேறு அறையில் இருக்கிறது என்று பொருளாக இருக்கலாம். கேட்டதைச் செய்துவிடாமல், எதனால் கேட்டார் என்று விசாரியுங்கள்.

உங்கள் 17 வாரத்தை எப்படிப் பிரிப்பது? ஆய்வு 2 வாரம். தேவையும் மணிச் சோதனை நிரலும் 1 வாரம். வடிவமைப்பும் இரண்டு சுற்று மாதிரிச் சோதனையும் 3 வாரம். நிரல் 7 வாரம். மூன்றாவது ஐவரை இதன் முதல் துண்டில் பயன்படுத்திக்கொள்ளலாம். மூடிய சோதனையும் திருத்தமும் 3 வாரம். ஸ்டோர் பரிசீலனையும் வெளியீடும் 1 வாரம். காலம் பிந்தினால் நிரல் வாரங்களில் கைவைத்து "இருந்தால் நல்லது" பெட்டியை முதலில் காலி செய்யுங்கள், அடுத்து பராமரிப்பவரின் போனையே இரண்டாம் பதிப்புக்குத் தள்ளுங்கள். மூடிய சோதனையின் 14 நாளை எப்படியும் சுருக்க முடியாது, ஆகவே அந்த 12 பேரின் பெயர்ப் பட்டியலை ஆய்வுச் சந்திப்புகளின்போதே எழுதத் தொடங்குங்கள்.